மணிக்கு நாற்பது சதம்

ஹமில்டன். பெப்ரவரி.
ஏரிக்கரை ஹோட்டலின் இரண்டாம் மாடி.
முந்தின இரவுக் கல்யாணத்தின் ரிப்பன் ஒன்று
விளக்கில் இன்னும் தொங்குகிறது.
அதன் கீழே நடுவர்.
ஒரு பக்கம் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கம்பனி,
எதிர்ப்பக்கம் தொழிற்சங்கம்.
நான் கம்பனியின் பக்கம்.

இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.
முப்பத்தொரு வருடம் சங்கங்களைப் பற்றியே எழுதினவள்.
வேலைநிறுத்தங்களை எண்ணினேன், தேதி வாரியாக,
மழை பெய்த நாட்களைக்கூடக் கழித்து.
அத்தனையிலும் அவர்களுக்கு வேண்டியது ஒரு கட்டுரை,
அதில் நாலாம் அட்டவணை,
அதில் ஓர் எண்:
சங்கத்தில் சேர்ந்தவருக்கு நூற்றுக்குப் பதினொன்றரை கூடுதல்.
"ஏற்கெனவே கூடத்தான் வாங்குகிறார்கள்,
டாக்டர் டில்லி சொல்கிறார்" என்றார் சட்டத்தரணி.
தில்லைநாயகி அவர் நாக்கில் நிற்கவில்லை.

அந்த எண் பிறந்தது தொண்ணூற்றாறில்.
மகன் வயிற்றில், கணினி அறையில் இரவு இரண்டு மணி.
நாற்பதாயிரம் பேர் நிரல் நிரலாக வந்தார்கள்:
வயது, படிப்பு, மாகாணம், மணிக்கு எவ்வளவு.
பெயர் இல்லை.
பெயர் இல்லாதபடியால்தான் எனக்குத் தந்தார்கள்.
சூத்திரத்துக்குள் அடங்காததெல்லாம் கடைசியில்
ஓரெழுத்துப் பிழை உறுப்பு.
முதுகு நோவு, மேற்பார்வையாளரின் வாய்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட இரவுகள்,
எல்லாம் அதற்குள்.
அதன் சராசரி பூச்சியம் என்று வைத்துக்கொண்டேன்.
வைத்துக்கொள்ளாவிட்டால் கட்டுரையே இல்லை.

ஒடீலியா ஃப்ரெய்தாஸ் சாட்சி சொன்னாள்.
இருபத்தைந்து வருடம் படுக்கை விரிப்பு மடித்தவள்.
விரிப்புக்குள் என்னென்ன வரும் என்று கேட்டார்கள்.
ஊசி, கத்தரிக்கோல்,
ஒருமுறை பல்செட், மேல்வரிசை மட்டும்.
குளிர்காலத்தில் ரத்தம் காய்ந்த துணி
பலகை மாதிரி இருக்கும் என்றாள்.
கேட்டது மணிக்கு நாற்பது சதம்.

இடைவேளையில் கோப்பிக் கலனருகே
நானும் அவளும்.
"அந்தக் கணக்கில் நான் இருக்கிறேனா?"
இருக்க வாய்ப்புக் குறைவு என்றேன்.
"முன்னொரு காலம் ஒரு பெண் போனில் கேட்டாள்,
சங்கமா, எத்தனை மணி, எவ்வளவு சம்பளம் என்று.
பிள்ளை அழுதுகொண்டிருந்தது."
என்ன சொன்னீர்கள்?
"கூட்டித்தான் சொன்னேன். வெட்கமாக இருந்தது."

நாற்பதாயிரத்தில் ஒருத்தி.
இரண்டாம் தசமம்கூட அசையாது.
அதைச் சொல்ல வாயெடுத்தேன்.
வெட்கம் ஒருத்தியோடு நிற்கிற சாமானா?
அவள் பாலில்லாத கோப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாரடித்த கூலி மடிமேலே என்பார்கள்.
எனக்கு நாற்பத்தைந்து நாளில், பில் அனுப்பிய பிறகு.
மணித்தியாலத்துக்கு நானூறு டொலர்.
கணக்குப் பார்ப்பது பழக்கதோஷம்:
நாற்பது சதம் ஆயிரம் தடவை.
ஆயிரம் மணித்தியாலம், அதாவது
அரை வருடத்து விரிப்புகள்.
கட்டுரையில் எல்லாரும் ஒரே நிரல்தான்.
மனதுக்குள், தமிழில்தான்,
அவள் வாங்குவது கூலி,
நான் வாங்குவது சம்பளம்.
யார் கற்றுத் தந்தார்கள் என்று தெரியவில்லை.

பிற்பகல் சங்கத்துச் சட்டத்தரணி எழுந்தார்,
இளம் பெடியன், கழுத்துப்பட்டி கோணல்.
பிழை வரம்பு எவ்வளவு?
கூடவோ குறையவோ இரண்டு தசம் ஒன்று.
வேறேதாவது சொல்ல இருக்கிறதா, பேராசிரியரே?
ரிப்பன் ஆடியது. வெப்பக்காற்று.
இல்லை, என்றேன்.

மே மாதம் தீர்ப்பு வந்தது. பதினெட்டுச் சதம்.
பதினேழாம் அடிக்குறிப்பில் நான்.
அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு நிரப்பிய படிவத்தில்
'சமூகத் தாக்கம்' என்றொரு கட்டம்.
அதில் அதை எழுதினேன்.
கட்டம் சின்னது.
அடங்கியது.